ஜிலேபியின் மூன்றாவது இமை

நவம்பர் 18, திங்கள்

இந்த நோட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும் உங்கள் காலில் விழுகிறேன், இத்தோடு மூடிவிடுங்கள். மூட முடியாவிட்டால் படித்துத் தொலையுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாகச் சங்கத்துச் செயலாளரிடம். அப்புறம் அம்மாவிடம். என் தோழி ரெஜினாவிடமும் வேண்டாம், அவள் வாய் பள்ளிக்கூட மணி. அட்டையில் ‘சமூக அறிவியல்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் யாரும் எதையும் திறந்ததில்லை, நான் உட்பட.

என் பெயர் சுபிக்ஷா. ஒன்பதாம் வகுப்பு. ஊர் பனிக்குழி, கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். அப்பா மாசிலாமணி, கம்பளிச் சங்கத்தின் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்கிறார். எங்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு செம்மறி. உடம்பெல்லாம் சுருள் சுருளாகக் கம்பளி இருப்பதால் அதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்தேன். கீழே சந்தையில் வாங்கியது என்று ஊரில் சொல்லியிருக்கிறோம்.

அது பொய்.

மூன்று வருடம் முன்பு, வடக்கே ஒரு மலைநாட்டிலிருந்து பண்ணைக்கு ஒன்பது ஆடுகள் வந்தன. அதில் நாற்பத்தொன்றாம் எண் ஆடு குட்டி போட்டதும் செத்துவிட்டது. குட்டியும் எழுந்து நிற்கவில்லை. ‘தாயோடு சேர்த்துப் புதைத்துவிடு’ என்றார்கள். அப்பா தாயை மட்டும் புதைத்தார். குட்டியை மழைக்கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பண்ணைப் பதிவேட்டில் ‘இரண்டும் இறந்தன’ என்று இருக்கிறது. அந்த இரண்டாவது இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

இன்று சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த ஒன்பது ஆடுகள் எங்கிருந்து வந்தனவோ, அங்கே ஓர் ஆட்டுக்கு ஸ்கிரேபி என்ற நோய் இருந்ததாம். அந்தக் கூட்டத்தில் வந்த ஆடுகள், அவை போட்ட குட்டிகள் எல்லாவற்றையும் பிரித்துச் சோதிக்க வேண்டுமாம். நோய் இருந்தால் கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டுமாம். பண்ணையில் மிச்சமிருக்கும் ஆறு ஆடுகளைத் தனியாக அடைத்துவிட்டார்கள். ஏழாவதைப் பற்றி எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அப்பா தன் முட்டையை என் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனார். இரண்டு முட்டை சாப்பிட்டேன். பயத்திலும் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

டிசம்பர் ஒன்றாம் தேதி எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆடு வளர்ப்பவர்களுக்குக் கூட்டம். புதிதாக வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஹசீனா பேசப்போகிறார். நோய் ஆட்டின் உடம்புக்குள் எப்படிப் போகிறது என்று ஒரு பெரிய சார்ட் வேண்டுமாம். தலைமை ஆசிரியை என்னைக் கைகாட்டிவிட்டார். போன வருடம் நான் வரைந்த யானையைப் பார்த்து எல்லோரும் பன்றி என்று சொன்னதை அவர் மறந்துவிட்டார்.

நவம்பர் 21, வியாழன்

சார்ட்டில் ஆடு வரைந்தாயிற்று. ஒரு பக்கம் வெட்டித் திறந்த மாதிரி, உள்ளே குடல், மண்ணீரல், தண்டுவடம், மூளை எல்லாம் தெரிகிறது. சுருள் போட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கை தானாகப் போட்டுவிட்டது.

டாக்டர் ஹசீனாவுக்கு இதுதான் முதல் வேலையாம். கூட்டத்தில் பேச எங்களைவிட அவருக்குத்தான் பயம். மதியம் என்னையும் ரெஜினாவையும் பெஞ்சில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார்.

“பிரியான் என்பது கிருமியல்ல. இயல்பிலிருந்து பிறழ்ந்து மடிந்த ஒரு புரதம்…”

ரெஜினா கொட்டாவி விட்டாள். “டாக்டரக்கா, இப்படிப் பேசுனீங்கன்னா பாதிப் பேரு டீ குடிக்கப் போயிருவாங்க. மீதிப் பேரு தூங்கிருவாங்க.”

“வேற எப்படிம்மா சொல்றது?”

“எங்க டிரில் மாதிரின்னு சொல்லுங்க. வரிசையில நூறு பேரு ஒழுங்கா நிப்போம். இவ ஒருத்தி தப்பாக் கையத் தூக்குவா. அவளப் பாத்து பக்கத்துல இருக்கவ தூக்குவா. கடைசில மொத்த வரிசையும் கோணிக்கும்.”

தப்பாகக் கை தூக்கியது ரெஜினா, நானில்லை. ஆனால் டாக்டர் துள்ளிக் குதித்தார். அதேதானாம். உடம்பில் எப்போதும் இருக்கிற ஒரு புரதம். அதில் ஒன்று கோணலாக மடிந்துவிட்டால், பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்கும். உயிர் இல்லாததால் அதைக் கொல்லவும் முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. மண்ணில் பல வருடம் கிடக்கும்.

“அப்ப மனுசருக்கு?” என்று கேட்டேன்.

“ஆட்டுக்கிட்ட இருந்து மனுசருக்கு வந்ததா இதுவரைக்கும் தெரியலம்மா.”

அது வாய் வழியாகத்தான் நுழைகிறது. புல்லோடு, தீனியோடு. சிவப்பு ஸ்கெட்ச் எடுத்து வாயிலிருந்து தொண்டைச் சதை வரைக்கும், அங்கிருந்து சிறுகுடல் வரைக்கும் கோடு போட்டேன். குடலின் சுவரில் சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கின்றனவாம். உடம்புக்குக் காவல் பார்க்கிற இடம். காவல்காரன் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது இந்தப் பிரியான்.

எங்கள் வீட்டு மாதிரி, என்று நினைத்தேன். அப்பாதான் பண்ணைக்குக் காவலும்.

நவம்பர் 22, வெள்ளி

ஜிலேபி இன்று தகரத்தில் ஏழு முறை உரசியது. நான் எண்ணவில்லை. தானாகக் கண்ணில் பட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

டாக்டர் கொடுத்த தாளில் ஒரு சோதனை இருக்கிறது. நோய் வந்த ஆட்டுக்கு அரிப்பு எடுக்கும். முதுகைச் சொறிந்துவிட்டால் சுகத்தில் உதட்டை மென்றுகொண்டே இருக்குமாம். நடை தள்ளாடும். கம்பளி கொத்தாக உதிரும்.

காலையில் ஜிலேபியின் முதுகைச் சொறிந்தேன். உதட்டை மென்றது!

அழுதுகொண்டே ஓடி, ஊரிலேயே பெரிய மந்தை வைத்திருக்கும் குப்பாண்டி மாமாவின் ஆட்டுக்கிடையில் நின்ற ஒரு கிடாயைச் சொறிந்தேன். அதுவும் மென்றது. இன்னோர் ஆடு மெல்லவில்லை, முட்டியது. வீட்டுக்கு வந்தால் அப்பா குனிந்து கேரட் கழுவிக்கொண்டிருந்தார். அவர் முதுகையும் சொறிந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்தார்.

“அங்கதாண்டா கண்ணு. இன்னுங் கொஞ்சம் மேல.”

“அப்பாவுக்கும் புள்ளைக்கும் வேலையே இல்லையா?” என்று அம்மா கத்தினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்று பேரும் சிரித்தோம். ஆகவே இந்தச் சோதனையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்று நீல ஸ்கெட்ச். குடலில் நுழைந்தது முதலில் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் பெருகுகிறது. அப்போது ஆடு நன்றாகத் தின்னும், துள்ளும், வெளியே ஒன்றுமே தெரியாது. பிறகு குடலுக்கு வரும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாகத் தண்டுவடத்துக்கும் மூளையின் அடிப்பகுதிக்கும் ஏறுகிறது. அதற்கு இரண்டு வருடமும் ஆகலாம், ஐந்து வருடமும் ஆகலாம். ஜிலேபிக்கு மூன்று.

நீலக் கோடு போடும்போது கழுத்தருகில் ஸ்கெட்ச் தீர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரெஜினா வேறு ஸ்கெட்ச் கொடுத்துவிட்டாள், சனியன்.

சாயங்காலம் டாக்டர் ஒவ்வொரு வீடாக வந்தார். எங்கள் வாசலிலும் ஸ்கூட்டர் நின்றது. நான் ஓடிப்போய் ஜிலேபிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

“இது என்ன வயசு?”

“அஞ்சு” என்றேன். கிழட்டு ஆடு என்றால் விட்டுவிடுவார் என்று ஒரு கணக்கு.

டாக்டர் ஜிலேபியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். காதைப் பிரட்டிப் பார்த்தார். வயிற்றில் கை வைத்து, “இன்னும் ஒரு மாசத்துல குட்டி போட்டுரும்” என்றார். கம்பளியை விலக்கி, “ஐயையோ, எவ்வளவு பேன்! அதான் இந்த உரசல் உரசுது” என்று ஒரு மருந்துத் தூளைக் கொடுத்தார். அம்மா காபி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் ஏமாற்றிவிட்டேன். ஒரு டாக்டரையே ஏமாற்றிவிட்டேன்! ஏன் தூக்கம் வரவில்லை என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

சார்ட்டில் கடைசி இடம் பாக்கி இருந்தது. கர்ப்பப்பை. அதற்கு மஞ்சள்.

நோய் இருக்கிற ஆடு குட்டி போடும்போது வெளியே விழும் இளங்கொடியில்தான் பிரியான் நிறைய இருக்குமாம். அதை மற்ற ஆடுகள் நக்கும். அது விழுந்த புல்லை மேயும். அப்படித்தான் ஓர் ஆட்டிலிருந்து ஒரு கிடைக்கே பரவுகிறது.

மஞ்சள் அடித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டிசம்பர் பதினைந்தாம் தேதி குப்பாண்டி மாமா எங்கள் பூண்டுக் காட்டில் கிடை போடுகிறார். உரத்துக்காக அவருடைய நூற்றிருபது ஆடும் பத்து ராத்திரி அங்கேதான் படுக்கும். ஜிலேபியும் அவற்றோடுதான் படுக்கும், ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். இந்த வருடம் குட்டி போடப்போவதும் அங்கேதான்.

சொன்னால் ஜிலேபி போகும், அப்பாவின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் மாமாவின் நூற்றிருபது.

அம்மா என்னிடம், “உங்கப்பாவோட வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டு வையி. நாளைக்கு ராத்திரி செயலாளர் வீட்டுக்குப் போகணுமாம்” என்றாள். கல்யாணப் பத்திரிகை எதுவும் வந்த மாதிரித் தெரியவில்லை. போட்டு வைத்தேன்.

நவம்பர் 30, சனி

நாளைக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நிச்சயமாகச் சொல்லப்போவதில்லை. எப்படிச் சொல்வது என்று ஐந்து விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்ததோடு சரி.

டிசம்பர் 1, ஞாயிறு

நிறைய எழுத வேண்டும். டார்ச் மங்குகிறது.

அறுபது பேர் வந்திருந்தார்கள். டாக்டர் டிரில் உதாரணம் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், ரெஜினா எழுந்து நின்று வணக்கம் வேறு சொன்னாள். நான் குச்சியால் சார்ட்டைத் தொட்டுக்காட்டினேன். வாய், குடல், மண்ணீரல், நரம்பு, மூளை. செயலாளர் வேலாயுதம் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா கடைசியில், வெள்ளைச் சட்டையில்.

“இப்ப ஒரு கேள்வி. போன தடவை உங்க ஆடு குட்டி போட்டப்ப இளங்கொடிய என்ன பண்ணீங்க?” என்றார் டாக்டர்.

“நாய் தின்னுச்சு.”

“அங்கயே கெடந்துச்சு. யாரு பாத்தா?”

“பக்கத்துல நின்ன ஆடெல்லாம் நக்குச்சு, டாக்டரம்மா.”

அப்போது குப்பாண்டி மாமா எழுந்தார். “எல்லாரையும் கேக்குறீங்க, நம்ம மாசிலாமணி மகளக் கேளுங்க! மாட்டுக்குக் கட்டுற மாதிரி ஆட்டோட இளங்கொடிய வைக்கோல்ல சுத்தி, சாக்குல போட்டு, அத்திமரத்துல கட்டித் தொங்கவிட்ட ஒரே ஆளு உலகத்துலயே இவதான்!”

பள்ளிக்கூடமே சிரித்தது. உண்மைதான். எங்கள் ஊரில் பசு கன்று போட்டால் இளங்கொடியைப் பால் வடிகிற மரத்தில்தான் கட்டுவார்கள், அப்போதுதான் மாட்டுக்கும் பால் ஊறும் என்று. ஆட்டுக்கு அதெல்லாம் கிடையாது. எனக்கு அது தெரியாது. போன வருடம் கிடையில் ஜிலேபி முதல் குட்டி போட்டபோது, விழுந்ததும் விழாததுமாக அள்ளிக்கொண்டு ஓடினேன். பாதி மரத்தில் ஏறி நான் கட்டியதை ஊரே வேடிக்கை பார்த்தது. மூன்று மாதம் என்னை ‘அத்திமரம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். (அந்தக் குட்டி ஆடித் திருவிழாவுக்குப் போனது. அன்று நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். அதைப் பற்றி வேறெதுவும் எழுத மாட்டேன்.)

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. “வேற எந்த ஆடும் நக்கலையா? ஒண்ணுகூடவா?”

“எங்க நக்குறது? கீழ விழ விட்டாத்தான?” என்றார் மாமா.

“அப்படின்னா அந்தச் சாக்கு எவ்வளவு பெரிய நல்லது பண்ணிருக்குன்னு உங்களுக்குத் தெரியல” என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார்.

குச்சியைக் கீழே வைத்தேன். நான் சொன்னேன். ஐந்து விதமாக எழுதிப் பார்த்ததில் ஒன்றுகூட வரவில்லை. “ஜிலேபி நாப்பத்தொண்ணோட குட்டி. சந்தையில வாங்கல. எங்கப்பாவ வேலைய விட்டு எடுக்காதீங்க” என்று ஒரே மூச்சில் வந்தது.

உடனே பின்னாலிருந்து அப்பாவின் குரல். “சுபி, நீ உக்காரு கண்ணு. நான் நேத்து ராத்திரியே சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டாரு” என்றார் செயலாளர். “ஒரு மணி நேரம் என் வீட்டுல உக்காந்து அழுதாரு. சட்டை மட்டும் கசங்கவே இல்ல.”

“நானும் வெள்ளிக்கிழமையே சங்கத்துக்கு எழுதிட்டேன்” என்றார் டாக்டர். “அஞ்சு வயசு ஆட்டுக்கு எட்டுப் பல்லு இருக்கணும், சுபிக்ஷா. இதுக்கு ஆறுதான்.”

“அட நீங்க வேற! எனக்கு மூணு வருசமாத் தெரியும்” என்றார் குப்பாண்டி மாமா. “இந்தச் சுருட்டை மயிரு இந்த மலையில வேற எந்த ஆட்டுக்கு இருக்கு? புள்ள ஆசையா வளக்குதேன்னு வாய மூடிட்டிருந்தேன்.”

ஆக, இந்த ஊரில் இந்த ரகசியத்தை ஒழுங்காகக் காப்பாற்றியது நான் ஒருத்திதான். ரெஜினாவுக்கும் தெரியாது. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

ஜிலேபியைப் பழைய உருளைக்கிழங்கு குடோனில் தனியாகக் கட்டியாயிற்று. கதவில் சார்ட்டை மாட்டியிருக்கிறார்கள், யாரும் உள்ளே போகக்கூடாது என்பதற்கு அடையாளமாக.

நோயை மூளையில்தான் பார்க்க முடியும், அதற்கு ஆடு சாக வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆட்டுக்கு மூன்றாவது இமை என்று ஒன்று இருக்கிறதாம், கண்ணின் உள்மூலையில் வெள்ளையாக. அதில் நிணநீர்த் திசு இருக்கிறது. மூளைக்கு ஏறும் முன்பே பிரியான் அங்கே தெரியலாம். டாக்டர் மரத்துப்போகும் சொட்டு விட்டு, அரிசி அளவுக்குக் கிள்ளி எடுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஜிலேபி என் தாவணியைத் தின்றது. பண்ணை ஆடுகள் ஆறுக்கும் அப்படியே எடுத்தார்கள்.

“கண்ணுல இல்லன்னா, நூத்துக்கு நூறு இல்லன்னு சத்தியம் பண்ண முடியாது” என்றார் டாக்டர். “ஆனா இந்த வயசுல, ஏழுலயும் இல்லன்னா, நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

டிசம்பர் 10, செவ்வாய்

அப்பாவுக்கு ஒரு மாதம் பண்ணை வேலை கிடையாது. பதிவேட்டில் பொய் சொன்னதற்குத் தண்டனை. கேரட் கழுவப் போகிறார். கை விறைத்து வருகிறார், ஆனால் சாப்பிடுகிறார். முட்டையைப் பங்கு கேட்டால் கொடுப்பதில்லை.

குப்பாண்டி மாமா கிடையை வேறு காட்டுக்கு மாற்றிவிட்டார். ரெஜினா இன்று பேசினாள். “இனிமே எங்கிட்ட எதையாவது மறைச்ச, பல்லப் புடிச்சுப் பாத்துருவேன்” என்றாள்.

டிசம்பர் 20, வெள்ளி

இன்று முடிவு வருகிறது.

ஊரில் சிக்னல் இல்லை, கோயில் வளைவில் மட்டும்தான் கிடைக்கும். அதனால் டாக்டரும் செயலாளரும் அப்பாவும் ஆறு மணிக்கே அங்கே போய்விட்டார்கள். இப்போது எட்டரை. அம்மா குடோனுக்கு வெளியே நிற்கிறாள், ஜிலேபிக்கு இன்றோ நாளையோ வலி எடுத்துவிடும். என்னை வீட்டுக்குள் இரு என்று சொல்லிவிட்டாள். இன்று எனக்குப் போர்வைக்குள் எழுதத் தோன்றவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

வாசலில் பத்து மூட்டை சுண்ணாம்பு இருக்கிறது. மத்தியானம் சங்கத்து வேனில் வந்து இறங்கியது. ஏழில் ஒன்றுக்கு இருந்தாலும் ஏழும் அதற்குள்தான் போகும். செயலாளர் அதன்மேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஒண்ணுலயும் இல்லைன்னு வந்துச்சுன்னா, பொங்கலுக்குச் சங்கக் கட்டடத்துக்கு வெள்ளையடிச்சிருவோம். வீணாப் போகாது.” நான் தலையை ஆட்டினேன். இரண்டு மூட்டை கசிந்து என் செருப்பெல்லாம் வெள்ளை.

ஜிலேபிக்குக் கோணலாக மடிந்த எதுவும் உள்ளே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. வாயிலிருந்து மூளை வரைக்கும் பாதை போட்டவளே நான்தான். ஒவ்வோர் அங்குலமும் தெரியும். தெரிந்த பிறகும் அந்த ஆட்டின் நாக்கு என் கையில் பட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நாளைக்கு அது இல்லாமல் போனால், குடோன் பக்கமே நான் இனி

ஸ்கூட்டர் சத்தம். வளைவில் திரும்புகிறது. கூட ஓர் ஆள் ஓடி வருகிற மாதிரி இருக்கிறது.

வாசலில் நிற்கிறார்கள். எழுதிக்கொண்டே இருக்கிறேன், எழுதுவதை நிறுத்தினால்

தட்டுகிறார்கள். செயலாளர்தான், மூச்சு வாங்குகிறது.

“ஏ புள்ள சுபி! கதவத் தொற! உங்க வீட்டுல வெள்ளையடிக்கிற மட்டை இருக்கா?”